கருவுற்ற குளிர்காலத்தில் ஸ்கேற்றிங்: நான் தொடர்ந்ததும் நிறுத்தியதும்

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில், வீட்டிலேயே செய்து பார்த்த பரிசோதனையில் இரண்டு கோடுகள் தெரிந்த அன்று மாலை, எனது ஸ்கேற்றிங் சப்பாத்துகள் புதிதாகக் கூர்தீட்டப்பட்டுக் காரின் பின்பெட்டியில் கிடந்தன. ரொறன்ரோ நகரசபையின் வெளித்தளங்கள், அதாவது திறந்தவெளியில் ஸ்கேற்றிங் செய்வதற்கான பனிக்கட்டித் தளங்கள், அந்த வாரம்தான் திறக்கவிருந்தன. மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே வந்த அந்த மாலையில், இந்தக் குளிர்காலம் நான் பனிக்கட்டியில் இறங்கலாமா என்ற கேள்வி மூன்றாவதாகவோ நான்காவதாகவோ என் மனத்தில் எழுந்தது என்பதை இப்போது சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது உண்மை.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு ஐஸ் என்பது கடையில் வாங்கும் ஐஸ்பழத்தைத் தாண்டிய ஒன்றாக இருக்கவில்லை. கனடாவில், ரொறன்ரோவின் ஒரு பகுதியான ஸ்காபரோவுக்கு வந்து சில ஆண்டுகள் கழித்து, இருபத்தேழு வயதில், வளர்ந்தோருக்கான வகுப்பொன்றில் சேர்ந்து, பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளைகள் பாய்ந்து திரிய நான் தளத்தைச் சுற்றியுள்ள ஓரப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் இதைக் கற்றேன். (தமிழில் பனிச்சறுக்கு என்ற சொல், மலைச்சரிவில் நீளப் பலகைகளோடு இறங்குவதையும் குறிக்கும் என்பதால், இங்கே ஸ்கேற்றிங் என்றே எழுதுகிறேன்.) அந்த நவம்பரில் எனக்கு அது ஏழாவது குளிர்காலம். முன்னோக்கியும் பின்னோக்கியும் வளைவுகளில் கால்மாற்றிச் செல்லவும், வேண்டிய இடத்தில் திடீரென்று நிற்கவும் என்னால் முடியும். பாய்ச்சல்களும் சுழற்சிகளும் எனக்கு வராது. வாரத்தில் இரண்டு நாள் தவறாமல் போவேன். இந்த விவரத்தைத் தருவதற்குக் காரணம் உண்டு. இத்தகைய கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை, நீங்கள் நன்றாகச் செய்பவரானால் தொடரலாம், புதியவரானால் வேண்டாம் என்ற ஒரே கோட்டில்தான் நிற்கின்றன. நானும் அந்தக் கோட்டைத்தான் முதலில் பிடித்துக்கொண்டேன். அது போதாது என்று புரிய எனக்கு ஒன்பது வாரங்கள் ஆயின.

என் அம்மாவுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அவர் எங்களோடுதான் இருக்கிறார். செய்தியைச் சொன்னபோது கண்கலங்கியவர், அடுத்த மூச்சில், "இனி அந்த ஐஸ் விளையாட்டு வேண்டாம் பிள்ளை. நீ விழமாட்டாய், எனக்குத் தெரியும். வேறை ஆரும் வந்து உனக்கு மேலை விழுவினம்" என்றார். பிள்ளைத்தாய்ச்சி மாடிப்படி ஏறினாலே பதறுகிற தலைமுறையின் பேச்சு என்று அதை ஒதுக்கிவைத்தேன். அவர் சொன்ன கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கவே இல்லை.

அன்றிரவு நான் தேடியது அறிவுரையை அன்று, அனுமதியை. அனுமதி கிடைக்கவும் செய்தது. 1920இல் அன்ற்வேர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக்கில், சுவீடனைச் சேர்ந்த மக்டா ஜூலின் கருவுற்றிருந்த நிலையிலேயே பெண்களுக்கான ஸ்கேற்றிங்கில் தங்கப் பதக்கம் வென்றார் என்று படித்ததும், நூறு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன விவாதம் இது என்று எனக்குத் தோன்றிவிட்டது. தனிநபர் போட்டியில் பதக்கத்துக்காக ஆடும்போது பனித்தளத்தில் ஒருவர் மட்டுமே இருப்பார் என்பது எனக்கு உறைக்கவில்லை. சனிக்கிழமை பிற்பகலில் ஸ்காபரோவின் எந்தத் தளமும் அப்படி இருப்பதில்லை.

எங்கள் மகப்பேற்றை ஒரு மருத்துவிச்சி கவனித்தார். ஊரில் அந்தச் சொல் தரும் பொருள் வேறு; நாங்கள் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் 1994 முதல் அது சட்டப்படி பதிவுபெற்ற மருத்துவத் தொழில், செலவையும் மாகாண அரசே ஏற்கிறது. ஒன்பதாவது வாரத்தில் நடந்த முதல் சந்திப்பில், நான் ஆயத்தம் செய்துகொண்டு போயிருந்த வாதங்களை எல்லாம் கேட்டுவிட்டு, அவர் கனேடிய வழிகாட்டியை எடுத்துக் காட்டினார். 2019ஆம் ஆண்டுக்குரிய அந்த வழிகாட்டி, மருத்துவத் தடை இல்லாத கருவுற்ற பெண்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள், மூன்று நாள்களுக்குக் குறையாமல், மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது. செய்யலாம் என்று அன்று, செய்ய வேண்டும் என்றே சொல்கிறது. உடலுழைப்பு செய்யும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம் என்பது மிதத்துக்கான எளிய அளவுகோல். அதே வழிகாட்டி, உடலோடு உடல் மோதும் அல்லது விழும் ஆபத்துள்ள செயல்களைத் தவிர்க்கச் சொல்கிறது. ஐஸ் ஹொக்கி, மலைச்சரிவில் இறங்குதல், குதிரையேற்றம் ஆகியன எடுத்துக்காட்டுகளாகத் தரப்பட்டிருந்தன. நான் செய்கிற சாதாரண ஸ்கேற்றிங் அந்த வரிசையில் என் கண்ணில் படவில்லை. அதை ஒரு வெற்றியைப்போல அவரிடம் சுட்டிக்காட்டினேன்.

அவர் வாதிடவில்லை. "கடைசியாக எப்போது விழுந்தீர்கள், ஏன் விழுந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நான் அதிகம் விழுவதில்லை என்றேன். அது பதில் அன்று என்று சொல்லி, வீட்டுக்குப் போய் முந்திய குளிர்காலத்து விழுகைகளை எழுதிப் பார்க்கும்படி கூறினார்.

நினைவில் இருந்தவை நான்கு. புதிய திருப்பம் ஒன்றைப் பழகும்போது ஒன்று. சப்பாத்தின் இரும்பு அலகின் முன்முனைப் பற்கள் பனியில் கொளுவி ஒன்று. ஒரு பிள்ளை குறுக்கே வந்ததால் ஒன்று. நேரம் முடியும் தறுவாயில், பலருடைய அலகுகளும் கீறிக் கிடந்த பனியின் பள்ளமொன்றில் சிக்கி ஒன்று. முதல் இரண்டும் என் பிழைகள். கவனமாக இருந்தால் தவிர்க்கலாம். மற்ற இரண்டுக்கும் என் திறமைக்கும் தொடர்பே இல்லை. இதே நிலையில் இருக்கும் யாருக்கேனும் ஒரே ஒரு செயலைச் சொல்ல வேண்டுமானால், இந்தப் பட்டியலை எழுதுங்கள் என்பேன். எத்தனை தடவை விழுந்தோம் என்பது அதில் பெரிதில்லை. யாரால் விழுந்தோம் என்ற பிரிப்புத்தான் பெரிது.

பட்டியலை எழுதிய பிறகும் நான் நிறுத்தவில்லை. பன்னிரண்டாவது வாரம் வரை கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பாதுகாப்பாக இருக்கும், அதற்குப் பின்னரே மேலெழுந்து வயிற்றுக்கு வரும் என்பதால், அதுவரை சில கட்டுப்பாடுகளோடு தொடர்வதென்று நானும் மருத்துவிச்சியும் பேசி முடிவெடுத்தோம். இடுப்பெலும்புக் கூடு பிள்ளையைக் காக்கலாம், என் மணிக்கட்டையும் தலையையும் காக்காது என்பதை அவர் மறக்காமல் சொன்னார். கருவுற்ற காலத்தில் ஒரு மணிக்கட்டு முறிந்தால், எக்ஸ்ரே எடுப்பதிலிருந்து வலிநிவாரணி தெரிவுசெய்வது வரை எல்லாமே ஒரு படி சிக்கலாகும்.

பின்னோக்கிச் செல்வதை முற்றாக விட்டேன். முதுகுப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் போவது அந்த நிலையில் அறிவீனம். புதிதாக எதையும் பழகவில்லை. வார இறுதிகளைக் கைவிட்டு, வேலைநாள் மதியத்தில் வளர்ந்தோருக்கென்று ஒதுக்கப்பட்ட நேரத்துக்குப் போனேன். நகரசபைத் தளங்களில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டாயமான ஹொக்கித் தலைக்கவசத்தை, இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக நானும் வாங்கி அணிந்தேன். ஓரப் பலகையை ஒட்டிச் செல்வது பாதுகாப்பு என்று பலர் நினைப்பதுண்டு. அங்கேதான் புதியவர்கள் பலகையைப் பிடித்தபடி நிற்பார்கள், பிடி தவறினால் எதிரே வருபவரின் கால்களைத்தான் வாரிவிடுவார்கள் என்பதால், பலகையிலிருந்து இரண்டு கை தூரம் தள்ளியே சென்றேன்.

கீறல் விழுந்த பனியைத் தவிர்க்க, சம்போனி எனப்படும் பனி மெழுகும் வண்டி ஓடி முடிந்தவுடன் இறங்குவதே நல்லது என்றும் திட்டமிட்டேன். அதை என் கணவரிடம் சொன்னபோதுதான், நானோ மருத்துவிச்சியோ யோசிக்காத ஒன்று வெளிவந்தது. அவர் பண்டகசாலை ஒன்றில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுபவர். "அந்த மெசின் என்னத்திலை ஓடுது எண்டு கேட்டனீரா? எங்கடை இடத்திலை புரொப்பேன் வண்டியள் ஓடுற பக்கத்திலை காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கு" என்றார். மூடிய கட்டடத்துக்குள் எரிபொருளில் ஓடும் எந்த இயந்திரமும் காபன் மொனொக்சைட் என்ற அந்த நச்சு வாயுவை வெளியேற்றும். காற்றோட்டம் போதாவிட்டால் அது தேங்கும். தாயின் குருதியைவிடக் கருவின் குருதி அவ்வாயுவை இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும், விடுவிக்கவும் கூடுதல் நேரம் எடுக்கும். நான் வழக்கமாகச் செல்லும் உள்ளகத் தளத்தில் விசாரித்தேன். வண்டி புரொப்பேனில் ஓடுவதாகவும், சுவரில் அளவிடும் கருவி பொருத்தப்பட்டிருப்பதாகவும் அங்கிருந்த பணியாளர் பொறுமையோடு விளக்கினார். அது போதுமானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் வழுவழுப்பான பனி கிடைக்கும் நேரமும் புகை கூடுதலாக இருக்கக்கூடிய நேரமும் ஒன்றே என்று தெரிந்தபின் எனக்கு மனம் ஒப்பவில்லை. மின்கலத்தில் ஓடும் வண்டிகளைப் பல தளங்கள் வாங்கத் தொடங்கியிருக்கின்றன. உள்ளே போகிறவர்கள் வாசலில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போகலாம்.

ஆகவே வெளித்தளங்களுக்கு மாறினேன். ரொறன்ரோவில் நகரசபை நடத்தும் செயற்கைக் குளிரூட்டப்பட்ட வெளித்தளங்கள் ஐம்பதுக்கும் மேல் உள்ளன. நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை இலவசமாகத் திறந்திருக்கும். ஸ்காபரோ மாநகர மண்டபத்துக்கு முன்னால், அல்பேர்ட் கம்பல் சதுக்கத்திலுள்ள தளத்துக்கு வேலைநாள் மதியத்தில் போனால், சில நாள்களில் என்னோடு இன்னும் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். குளங்களிலும் ஓடைகளிலும் இயற்கையாக உறைந்த பனியை நான் ஒருபோதும் நம்பியதில்லை, அந்த ஆண்டு அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை.

அடுத்த சில வாரங்களும் இவ்வாறே சென்றன. பாதி நாள்களில் குமட்டல் என்னை வீட்டிலேயே இருத்தியது. ஒரு நாள் இரண்டு சுற்று முடிந்ததும் கண் இருண்டுகொண்டு வந்தது. பலகையைப் பிடித்து நின்று, பைக்குள் வைத்திருந்த பேரீச்சம்பழத்தைத் தின்று, கணவரை அழைத்து வீடு சேர்ந்தேன். அதற்குப் பின் வெறும் வயிற்றோடு போகவில்லை.

பன்னிரண்டாவது வாரம் ஜனவரி நடுவில் முடிந்தது. உடன்பாட்டின்படி நான் அன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். வயிறு வெளியே தெரியவே இல்லை, குமட்டல் நீங்கி உடம்பு இலேசாகியிருந்தது, எனவே இன்னும் இரண்டு வாரம் என்று எனக்கு நானே தவணை கொடுத்தேன். குமட்டல் நின்று உற்சாகம் திரும்பும் காலமும் ஆபத்துக் கூடும் காலமும் ஒன்றாக வந்து சேர்வது இந்த விடயத்தின் பெரும் பொல்லாப்பு.

பதினான்காவது வாரத்தில், அதுவும் நான் தவிர்ப்பதாகச் சொன்ன ஒரு சனிக்கிழமையில், வேறொரு தளத்தில் அது நடந்தது. பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் நண்பனைத் துரத்திவந்து, வளைவில் கால் தவறி, மல்லாந்தபடி வழுக்கி என் கால்களுக்குக் குறுக்கே வந்தான். நான் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். முழங்காலை மடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, தொடையும் இடுப்பும் முதலில் படும்படி விழுவதுதான் நாங்கள் பழகிய முறை. கைவிரல்களை மடக்கி மார்போடு சேர்க்க வேண்டும், தாடையை நெஞ்சோடு ஒட்ட வேண்டும். ஏழு குளிர்காலங்களாக யோசிக்காமலே செய்துவந்த அதை அன்று என் உடம்பு செய்யவில்லை. இரண்டு கைகளும் வயிற்றைப் பொத்திக்கொண்டன, முதுகு நிமிர்ந்தது, பாரம் குதிக்காலுக்குப் போனது, பின்புறமாக உட்கார்ந்த நிலையில் விழுந்தேன். தலைக்கவசம் பனியில் மோதிய ஒலி எனக்குக் கேட்டது. சிறுவன் எழுந்து, கண்களில் நீர் முட்ட, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டான். அவனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவன் வயதில் அந்த இடம் துரத்தி விளையாடுவதற்குத்தான்.

அந்தப் பனியில் உட்கார்ந்திருந்த அரை நிமிடத்தில் எனக்குத் தெளிந்தது இதுதான். ஸ்கேற்றிங் திறமை என்பது விழுவதற்குத் தயாராக இருக்கும் ஓர் உடம்பின் திறமை. முழங்கால் இளகியிருப்பதும், பாரம் முன்னால் இருப்பதும், கைகள் விரிந்திருப்பதும், விழுந்தால் விழட்டும் என்று அந்த உடம்பு ஒப்புக்கொண்டதால் வருபவை. விழவே கூடாது என்ற நிலை வந்ததும் உடம்பு விறைக்கிறது, விறைத்த உடம்பு பனியில் நிற்பதில்லை. வயிறு பெருக்கும்போது உடலின் பாரமையம் மாறும், மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்கள் தளரும் என்றெல்லாம் படித்திருந்தேன். அவை இன்னும் வரவில்லை, வரும்போது நிறுத்தலாம் என்று காத்திருந்தேன். அவற்றுக்கெல்லாம் முன்பே என் பயிற்சி என்னைவிட்டுப் போய்விட்டதை நான் கவனிக்கவில்லை. நான் நன்றாகச் செய்பவள் என்பது கருவுறாத என்னைப் பற்றிய தகவல்.

காரில் இருந்தபடியே மருத்துவிச்சியை அழைத்தேன். எனது குருதி வகை ஓ நெகற்றிவ், கணவருடையது பொசிற்றிவ் என்பதால், உடனே வந்து பார்க்கச் சொன்னார். இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பிள்ளையின் குருதி பொசிற்றிவாக இருந்து, வயிற்றில் அடிபட்டதால் அதன் சிறு துளி தாயின் குருதியில் கலந்தால்கூட, தாயின் உடல் அதற்கு எதிரான பொருளை உருவாக்கக்கூடும். அதைத் தடுக்கும் ஊசியை 72 மணிநேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே உங்கள் குருதி வகையை முதல் சந்திப்பிலேயே அறிந்து வைத்திருங்கள். என்னைப் பரிசோதித்து, இதயத் துடிப்பைக் கேட்கச் செய்து, வயிற்றில் அடிபடவில்லை என்பதை உறுதிசெய்த பின், அன்று எனக்கு ஊசி தேவையில்லை என்று முடிவுசெய்தார்கள். குருதிப்போக்கு, வயிற்று வலி அல்லது இறுக்கம், நீர்க்கசிவு ஆகியவற்றில் எது தெரிந்தாலும், பின்னைய மாதங்களில் பிள்ளையின் அசைவு குறைந்தாலும், எந்த நேரமென்றாலும் வரச் சொன்னார்கள். தலையில் பட்டதால் அன்றிரவு என்னைத் தனியே விடவேண்டாம் என்று கணவருக்கும் அறிவுறுத்தினார்கள்.

பின்னைய மாதங்களில் இதே விழுகை ஏன் பாரதூரமானது என்பதையும் அன்றுதான் விளங்கிக்கொண்டேன். கருப்பைச் சுவர் இழுபட்டுச் சுருங்கக்கூடியது, அதில் ஒட்டியிருக்கும் நச்சுக்கொடி அவ்வாறு இழுபடாது. ஆகவே அதிர்ச்சியில் ஒன்று அசைய மற்றது அசையாமல், இரண்டும் பிரிந்துவிடலாம். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே அது நிகழலாம். ஏறத்தாழ 23 வாரங்களைத் தாண்டியபின் வயிற்றில் அடிபட்டு வருபவரை, ஒன்றுமில்லை என்று தோன்றினாலும், குறைந்தது நான்கு மணிநேரமாவது கருவின் இதயத்துடிப்போடு சேர்த்துக் கண்காணிப்பது அதனால்தான்.

அம்மாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். "நான் சொன்னனான் எல்லோ" என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சப்பாத்துகளைத் துடைத்து, அலகுகளுக்கு எண்ணெய் பூசி, துணியில் சுற்றி நிலவறைக்குக் கொண்டுபோனார்.

நிறுத்தினேன் என்று எழுதினாலும், மனத்தில் ஒரு விதிவிலக்கை ஒளித்து வைத்திருந்தேன். ஒட்டாவாவின் றீடோ கால்வாய் உறைந்து 7.8 கிலோமீற்றர் நீளப் பாதையாகும் இடத்தில், பெப்ரவரியில் குடும்ப தின நீள்விடுமுறைக்குப் போவதென்று கோடையிலேயே அறை ஒதுக்கியிருந்தோம். ஒரு கிலோமீற்றர் மட்டும், கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, என்று எனக்குள் பேரம் நடந்தது. அந்தப் பாதையைத் திறக்க ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் தடிப்புள்ள நல்ல பனி வேண்டும். அந்தக் குளிர்காலம் அது உறையவே இல்லை. 1971இல் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக ஒரு நாள்கூடத் திறக்காமல் போன பருவம் அதுதான். திறந்திருந்தால் போயிருப்பேனா என்று என்னைக் கேட்டால், நேர்மையான பதில், போயிருப்பேன்.

ஸ்கேற்றிங்கை விட்டதும் உடலுழைப்பையே விட்டுவிடும் ஆபத்து ஒன்று இருந்தது, அதில் ஏறத்தாழ மூன்று வாரம் நான் விழுந்தும் இருந்தேன். தெற்காசியப் பெண்களுக்குக் கருக்கால நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதை மருத்துவிச்சி நினைவூட்டிய பிறகு, காலையில் ஸ்காபரோ ரவுண் சென்ரர் கடைத்தொகுதிக்குள் முதியவர்களோடு சேர்ந்து நடந்தேன். வாரத்தில் இரண்டு நாள் நீச்சல் தடாகத்துக்குப் போனேன். 26ஆவது வாரத்தில் இனிப்பு நீர் குடித்துச் செய்யும் சோதனை நல்லபடியாக முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், மார்ச்சில் நான் இரண்டாவது முறை வழுக்கியது எங்கள் வீட்டு வாசற்படிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் பனியில். கைப்பிடியைப் பிடித்துத் தப்பினேன். தளத்தில் தலைக்கவசம் போட்டவள் வாசலில் உப்புப் போட மறந்திருந்தேன். சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்பு முள்ளுகளை அதற்குப் பிறகே வாங்கினேன்.

எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பயிற்றுநராக இருக்கும் என் தோழி ஒருவர் ஆறாவது மாதம் வரை பனியில் நின்றார். அதிகாலையில், ஆளில்லாத தளத்தில், மூன்று மாணவர்களுக்குக் கற்பிப்பது அவருடைய வேலை, அவருடைய வைத்தியருக்கும் அது தெரிந்திருந்தது. அவர் நிறுத்தியதற்குக் காரணம், குனிந்து சப்பாத்தின் நாடாவைக் கட்ட முடியாமல் போனதும், வீங்கிய பாதம் அதற்குள் நுழைய மறுத்ததும்தான். நாடாவை வேறொருவர் கட்டிவிட வேண்டிய நாள் வந்தால் அதுவே போதுமான அறிவித்தல் என்று அவர் சொல்வார். என் கதை அவருடையது போன்றதன்று. நான் விரும்பிய நேரத்திலும் இடத்திலும் எப்போதும் மற்றவர்கள் இருந்தார்கள்.

மகள் ஜூலைக் கடைசியில் பிறந்தாள். அடுத்த ஜனவரியில், இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியை முடித்து, சப்பாத்துகளை எடுத்தபோது அவை எனக்குப் போதவில்லை. பாதம் அரை அளவு நீண்டிருந்தது. பழைய சோடியை விற்று வேறு வாங்கினேன். மீண்டும் பலகையைப் பிடித்தே தொடங்கினேன். முழங்கால் இளகுவதற்கு ஒரு மாதம் பிடித்தது.

2025 ஜனவரியில் றீடோ கால்வாய் திறந்ததும் நால்வருமாகப் போனோம். வாடகைக்கு எடுத்த சறுக்குவண்டியில், ஒன்றரை வயது மகளைத் தலைக்கவசத்தோடும் இரண்டு போர்வைகளோடும் இருத்தி, நான் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனேன். அரைக் கிலோமீற்றருக்குள் அவள் உறங்கிப்போனாள். அம்மா பனிச்சப்பாத்தோடு ஓரமாக நடந்தபடி, "இடப்பக்கம் ஒராள் வாறான், பிள்ளை... பொறு, இப்ப போ" என்று வழி முழுவதும் சொல்லிக்கொண்டே வந்தார்.